தார்ப்பாய்க்குள் எரிந்த விளக்குகள்

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று ஒரு தவறு செய்தேன். மெகர் என்ற அளக்கும் கருவியின் எர்த் கிளிப்பைப் பெயிண்ட் அடித்த போல்ட்டில் மாட்டிவிட்டேன். பெயிண்ட் மின்சாரத்தை விடாது. கைப்பிடியைச் சுற்றியதும் முள் எங்கும் நிற்காமல் கடைசிக் கோட்டைத் தொட்டது, மெயின் ஜெனரேட்டர் நேற்றுத்தான் கடையிலிருந்து வந்ததுபோல. நான் அதை நம்பிவிட்டேன். பக்கத்தில் கான்டாக்டர் சுவிட்சுகளின் முனைகளைத் தேய்த்துக்கொண்டிருந்த ஸ்பேனர் அண்ணன்தான் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது ஜெனரேட்டரோட அளவு இல்ல. பெயிண்ட் கம்பெனியோட அளவு."

அவர் பகலில் பஸ் பட்டறையில் வேலை பார்க்கிறார். எங்கள் மாலை நேர எலக்ட்ரிக்கல் வகுப்பில் வயதில் பெரியவர். பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருப்பதால் அந்தப் பெயர்.

வகுப்பின் செய்முறைப் பயிற்சியே ஷெட்டில் நிற்கும் இந்தப் பழைய டீசல் ரயில் இன்ஜின்தான். ஒரு சங்கம் இதை வாங்கி ஓட வைக்கப் பார்க்கிறது. பெயர்தான் டீசல், சக்கரத்தைச் சுற்றுவது மின்சார மோட்டார்கள். டீசல் மெயின் ஜெனரேட்டரைச் சுற்றும். அது மோட்டார்களுக்கு மின்சாரம் தரும். அந்த ஜெனரேட்டர் பல மழைக்காலம் திறந்த வெளியில் கிடந்திருக்கிறது. நாங்கள் அதைத் துடைத்து, வார்னிஷ் பூசி, சுற்றிலும் கம்பிக் கூண்டுக்குள் பல்புகள் வைத்து, மேலே தார்ப்பாய் போர்த்தி உலர்த்திவருகிறோம். உலர்ந்ததா என்று மெகர் சொல்லும். கையால் சுற்றும் சின்னப் பெட்டி அது. செம்புச் சுருளிலிருந்து இரும்பு உடம்புக்கு மின்சாரம் கசியாமல் எவ்வளவு தடுப்பு இருக்கிறது என்று காட்டும். எண் கூடினால் நல்லது. அதன் அலகான மெகோமில் ஒன்றாவது இல்லாமல் இன்ஜினைக் கிளப்ப அனுமதி கிடைக்காது.

பெயிண்டைச் சுரண்டி மறுபடி சுற்றினேன். 0.7. போன வாரம் வகுப்பு எடுக்கும் மேடம் முன்னால் அளந்தபோது 1.6.

மேடம் அவர் அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக விடுப்பில் போயிருக்கிறார். போகும்போது அளக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். "நீதான் எதையும் ரெண்டு தடவ பார்ப்பே" என்றார். ரெண்டு தடவை மட்டும் என்று யார் சொன்னது?

ஜெனரேட்டரின் இரும்புக் கூட்டில் கை வைத்தேன். சூடாக இருந்தது. கரும்பலகையில் மேடம் எழுதியது அப்படியே இருக்கிறது: காலையில் அணைக்கவும், மாலையில் அளக்கவும். காலையில் அணைத்த விளக்கின் சூடு மாலை வரைக்குமா நிற்கும்?

அந்த நேரம் பார்த்துச் சங்கத்தின் செயலாளர் வந்தார். கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஷெட்டில் ஒரு நட்டு உருண்டாலும் யார் உருட்டியது என்று கேட்பார். முன்பிருந்த காவலாளி செம்புக் கேபிளை வெட்டி விற்ற பிறகு அந்தக் குணம் இரண்டு மடங்காகிவிட்டது என்கிறார்கள்.

"ஏம்மா, ஏறிக்கிட்டு இருந்தது எப்படி இறங்கும்?"

"தெரியல சார். ஆனா கூடு சூடா இருக்கு."

அவரும் கை வைத்துப் பார்த்தார். "அப்படின்னா?"

"ராத்திரி முழுக்கப் போடாம விட்டுட்டு, நாம வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி போட்டு அணைச்சிருக்கலாம்."

இருக்கலாம் என்றுதான் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தால் இருந்தது என்றே கேட்டுக்கொண்டதுபோலத் தெரிந்தது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். ஏறலன்னா வாட்ச்மேன மாத்திடுவேன்" என்றார்.

இரவு விளக்கைப் போட்டுக் காலையில் அணைப்பது காவலாளியின் வேலை. காவலாளி என் அத்தான்.

அக்டோபர் 9, புதன்

அக்கா, அத்தான், பாப்பா, நான். இரண்டு அறை வீடு. மழை விட்டபாடில்லை, சுவரில் கை வைத்தால் ஒட்டுகிறது.

அத்தான் காலையில் பணி முடிந்து வந்தார். தோளில் வழக்கமான ரெக்சின் பை. அதை யாரையும் தொட விடமாட்டார். மாலையில் போகும்போது கனமாகத் தெரிகிறது. காலையில் வரும்போது இலேசாக இருக்கிறது. செம்பு கடத்துகிறவர் பை நேர்மாறாக அல்லவா இருக்கவேண்டும் என்று யோசித்தேன். பிறகு, வழியிலேயே விற்றுவிட்டு வந்தால் இலேசாகத்தானே இருக்கும் என்றும் யோசித்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"பைல என்ன அத்தான்?"

"ரெண்டு யானை. குட்டி போட்டா உனக்கு ஒண்ணு தர்றேன்."

"நிஜமா கேக்கிறேன்."

"இன்ஸ்பெக்டர் நிஜமா கேட்டா நான் வக்கீல் வச்சுத்தான் பதில் சொல்லணும்."

அவர் எனக்கு வைத்த பெயர் அது. நான் பகலில் பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பறையில் இருக்கிறேன். தினமும் இரண்டு வேளை பல் துலக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, யார் எதைச் சொன்னாலும் வாயைத் திறந்து காட்டு என்று கேட்கும் புத்தி வந்துவிட்டது.

அவர் தூங்கப் போனதும் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன், அத்தான் வேலை எப்படிப் போகிறதாம் என்று.

"ஏன்டி, ஏதாவது பேச்சா?"

"சும்மாதான்."

"நீ சும்மா கேட்டதே கிடையாது." பாப்பாவைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "இந்த வேலை கிடைக்கறதுக்கு முன்னாடி வீட்டுலயே கிடந்தாரே, அந்த ஆறு மாசம் எப்படிப் போச்சுன்னு உனக்குத் தெரியாதா? நான் அழுதா அவர் சிரிப்பார், அவர் சிரிச்சா எனக்கு அழுகை வரும். மறுபடி அதைத் தாங்க மாட்டேன்."

பாப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். இடுப்புத் துணியில் வார்னிஷ் வாசனை வந்தது. என் கையிலிருந்து ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன்.

மாலையில் செயலாளரிடம் ஒரு யோசனை சொன்னேன். விளக்குகள் பகலிலும் எரியட்டும். நான் அளந்து முடிக்கும்வரை யாரும் அணைக்கவேண்டாம். சுவிட்ச் மேல் ஒரு காகிதப் பட்டையைப் பசை வைத்து ஒட்டிக் கையெழுத்துப் போடுகிறேன். யார் தொட்டாலும் கிழிந்துவிடும். பகல் வாட்ச்மேனிடமும் சொல்லிவிடலாம். அதிக நேரம் எரிந்தால் சீக்கிரமும் உலரும்.

"மூளை இருக்கும்மா உனக்கு" என்றார். சந்தோஷமாக இருந்தது. மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பொறுப்பு கொடுத்த வாரமே சந்தேகம் கேட்டால் என்ன நினைப்பார் என்று விட்டுவிட்டேன்.

இன்றைய அளவு 0.6.

அக்டோபர் 10, வியாழன்

காகிதம் கிழியவில்லை. கையெழுத்து அப்படியே இருக்கிறது. விளக்குகள் எரிகின்றன. அளவு 0.4.

இரவு முழுவதும், பகல் முழுவதும் எரிந்திருக்கிறது, அப்படியும் இறங்கியிருக்கிறது. காகிதம் கிழியாததால் அத்தான் மேல் தவறில்லை என்றுதான் ஒரு நிதானமான ஆள் முடிவு செய்வான். எனக்கு வேறு மாதிரி தோன்றியது: கிழியாமல் ஈரத் துணியால் ஊறவைத்துப் பிரித்து, மறுபடி ஒட்டியிருக்கிறார். பட்டையின் ஓரம் கொஞ்சம் சுருங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். சுருங்கியிருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்றார் ஸ்பேனர் அண்ணன். புதிய கார்பன் பிரஷ்களை, அவை உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் பொருந்தும்படி உப்புத்தாள் வைத்து நாங்கள் இருவரும் இழுத்துக்கொண்டிருந்தோம். கரித்தூள் மூக்கில் ஏறியது.

"அப்போ ஏன்ணே இறங்குது?"

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இந்த வயசுல கிளாஸுக்கு வர்றேன்? ஆனா ஒண்ணு சொல்றேன். உங்க அத்தானுக்கு அந்த முள்ள இறக்குறதுல என்ன லாபம்?"

தார்ப்பாயைத் தூக்கி உள்ளே பார்த்தேன். கூண்டுக்கு மேலே தார்ப்பாயைத் தாங்கும் கம்பியில் ஒரு துணி கிளிப் மாட்டியிருந்தது. பச்சை பிளாஸ்டிக். கேபிளைப் பிடித்து வைக்க யாரோ மாட்டியிருக்கலாம். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

0.3.

செயலாளர் பக்கத்தில் நின்றுகொண்டே பார்த்தார். அத்தான் பணிக்கு வந்ததும், வகுப்பில் எல்லோரும் இருக்கும்போதே, "சாவியைக் கொடுங்க" என்றார்.

அத்தான் என்னைப் பார்த்தார். விளையாட்டு என்று நினைத்தாரோ என்னவோ, அரைச் சிரிப்பு இருந்தது.

"என்ன சார், லீவு குடுக்கறீங்களா?"

"போன வாரம் நல்லா இருந்த மிஷின் இப்போ ஈரமா இருக்கு. ராத்திரி இங்க இருக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான். என்ன பண்றீங்கன்னு கேட்டா சொல்லமாட்டீங்க. அந்தப் பையைத் திறங்க."

சிரிப்பு போய்விட்டது. "அது வீட்டுச் சாமான் சார்."

"வீட்டுச் சாமான் ஷெட்டுக்கு எதுக்கு வருது?"

அத்தான் பையின் வாரை இன்னும் கொஞ்சம் தோளுக்கு மேலே ஏற்றிக்கொண்டார். ஏழெட்டுப் பேர் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்பேனர் அண்ணன் மட்டும் ஏற்கெனவே முறுக்கிய ஒரு நட்டை மறுபடி முறுக்கினார்.

"திறக்கமாட்டேன் சார்."

"அப்போ நாளைலேருந்து வரவேண்டாம்."

சாவிக்கொத்தை மேஜையில் வைத்தார், தூக்கிப் போடவில்லை. அணைக்கிற வேலை அவருடையது என்பதாலோ என்னவோ, போகிற வழியில் சுவிட்ச் பக்கம் திரும்பினார். என் காகிதத்தைப் பார்த்தார். அதில் என் கையெழுத்து இருந்தது. இதுவரை கவனிக்காததுபோல, குனிந்து படித்தார். தொடாமல் போய்விட்டார்.

செயலாளர்தான் அதைக் கிழித்து விளக்குகளை அணைத்தார். புது ஆள் கிடைக்கும்வரை இரவில் பெரிய பூட்டு. யாரும் இல்லாமல் தார்ப்பாய்க்குள் விளக்கு எரியக்கூடாது.

வீட்டுக்குப் போக மனம் வராமல் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

அக்காவிடம் அத்தான் சொல்லிவிட்டார். எனக்கு இதில் பங்கு உண்டு என்பதை மட்டும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. ஏன் மறைக்கிறார்? என்னை மடக்க ஏதாவது திட்டமா? இப்படித்தான் ஓடுகிறது என் புத்தி.

வீடெங்கும் பாப்பாவின் இடுப்புத் துணிகள் தொங்குகின்றன. ஜன்னல் கம்பியில், நாற்காலி முதுகில், கதவின் மேல், என் புத்தக அலமாரியின் விளிம்பில். ஒன்றும் காயவில்லை. நேற்றுத் துவைத்ததில் இன்று புளித்த நாற்றம் வருகிறது. பாப்பாவுக்குத் தொடையில் சிவப்புத் தடிப்பு.

"இத்தன நாள் எப்படிக்கா காஞ்சது?"

"அவர்தான் எடுத்துக்கிட்டுப் போவாரே. ஷெட் பக்கத்துல யாரோ லாண்டரிக்காரர் பழக்கமாம். சூட்டு ரூம்ல போட்டுக் குடுப்பாராம். நல்லா மொறுமொறுன்னு வரும்."

கனமாகப் போகும் பை. இலேசாக வரும் பை. நான் ஒரு துணியை எடுத்து முகர்ந்தேன். வார்னிஷ் வாசனை போய்விட்டிருந்தது. என் கையோ அதே கைதான்.

மேஜை இழுப்பறையிலிருந்து அந்தப் பச்சைக் கிளிப்பை எடுத்துக்கொண்டு போய் அத்தான் முன்னால் வைத்தேன். அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"இதைத் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார். "ஒரு டஜன் வாங்கினேன். ஒண்ணு குறையுது."

"ஜெனரேட்டர்ல துணி காயப் போட்டீங்களா அத்தான்?"

"ஜெனரேட்டர்ல இல்ல. அதுக்கு மேல, கம்பியில."

"எவ்வளவு நாளா?"

"மழை ஆரம்பிச்சதுலேருந்து. ராத்திரி ஒரு ஈடு. மழை கூடினப்புறம் பகல்லயும் ஒரு ஈடு போட்டேன். காலைல அணைக்காம விட்டுட்டு, சாயங்காலம் உங்க கிளாஸ் வர்றதுக்குள்ள எடுத்துட்டு அணைச்சேன். பகல்லயும் எரியட்டும்னு செயலாளர் சொன்னப்புறம் பகல் ஈடை நிறுத்திட்டேன்."

"பகல் வாட்ச்மேன் ஒண்ணும் கேக்கலையா?"

"அவன் வாட்ச் பண்றது கேட்டை. தார்ப்பாயை இல்ல." தாளை மடித்தார். "தப்புதான். தெரியும். அதனாலதான் பையைத் திறக்கல. திருடன்னு நினைச்சா நினைக்கட்டும், பிள்ளையோட துணியை அத்தன பேர் முன்னாடி ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டச் சொல்றதா?"

"அந்த ஈரந்தான் அத்தான் உள்ள இறங்கியிருக்கு. அதான் முள் விழுந்தது."

அவர் தாளை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். பிறகு, "அப்போ நான்தான் கெடுத்தேன்னு எழுதிக்கோ" என்றார்.

எழுதிக்கொண்டேன். காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

செயலாளர் பூட்டைத் திறந்துவிட்டார். மூன்று நாளாக விளக்கு இல்லை; தார்ப்பாயைத் தூக்கினால் இரும்பு சில்லென்று இருந்தது. இன்னும் மோசமாக இருக்கும் என்று நினைத்தபடி, "கை எடுங்க, சுத்தப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினேன். சுற்றும்போது ஐந்நூறு வோல்ட் போகும். யாரும் செம்பைத் தொட்டுக்கொண்டிருக்கக்கூடாது. அதனால் அப்படிச் சொல்வது வழக்கம்.

2.6.

முதலில் கிளிப்பைப் பார்த்தேன். சுரண்டிய இடத்தில்தான் இருந்தது. கழற்றி இன்னும் சுரண்டி மாட்டினேன். 2.6. ஸ்பேனர் அண்ணனைச் சுற்றச் சொன்னேன். அவர் சுற்றினால் கொஞ்சம் வேகம் அதிகம். 2.6.

"பேய் வந்து காய வச்சுட்டுப் போயிருக்கு" என்றார்.

செயலாளர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். "பார்த்தியா? ஆளு போனான், அளவு வந்துடுச்சு."

எனக்கும் கணக்குச் சரியாக இருந்தது. துணி இல்லை, ஈரம் இல்லை, முள் ஏறிவிட்டது. அத்தான்தான் காரணம். துணி விஷயத்தை நான் செயலாளரிடம் சொல்லவில்லை. சொல்லாததைப் பெரிய உபகாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த அளவே போதும். இருந்தாலும் இன்ஜினைக் கிளப்பும் நாள் வரை காயட்டும் என்று முடிவாயிற்று. இரவு இருக்க ஸ்பேனர் அண்ணன் ஒப்புக்கொண்டார். "எனக்கு வீட்லயும் தூக்கம் வர்றதில்ல. இங்கயாவது அதுக்கு ஒரு காரணம் இருக்கும்." நாளை பகலில் செயலாளரே உட்கார்ந்துகொள்வார். புதன்கிழமையிலிருந்து புது ஆள் பார்க்கப்போகிறார்கள்.

விளக்குகளைப் போட்டோம். வீட்டுக்கு வந்தேன். பாப்பா அழுதுகொண்டிருந்தது. அத்தான் இஸ்திரிப் பெட்டியை வைத்து ஈரத் துணிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆவி எழும்பியது. நான் உள்ளே வந்ததை அவர் பார்த்தார். இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

0.4.

பிறகு செய்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

முதலில் ஸ்பேனர் அண்ணனைச் சந்தேகப்பட்டேன்.

"அண்ணே, ராத்திரி உள்ள ஏதாவது வச்சீங்களா? துணி, டீ, தண்ணி?"

"இப்போ என் மேலயா?" அவருக்குக் கோபம் வரவில்லை, சிரித்தார். "ஏன் தங்கச்சி, அடுத்து செயலாளரா? பகல் பூரா இங்க உக்காந்து குறுக்கெழுத்துப் போட்டிருக்கார். அதுல கண்ணீர் விட்டிருப்பாரோ?"

தார்ப்பாயை முழுவதும் விலக்கினேன். கம்பியில் ஒன்றும் இல்லை. தரை காய்ந்திருந்தது. உள்ளே இருந்தது பல்பும் சூடும் மட்டும்தான். கூட்டில் உள்ளங்கையை வைத்தேன். வைத்துக்கொண்டிருக்க முடியாத சூடு. ஓர் இரவும் ஒரு பகலும் எரிந்தால்தான் இத்தனை இரும்பு இப்படிச் சூடேறும். அப்படியென்றால் எட்டாம் தேதி நான் தொட்ட சூடு, யாரோ கொஞ்சம் முன்னால் விளக்கைப் போட்டதால் வந்ததே இல்லை. அரை மணி நேரத்தில் ஏறக்கூடிய சூடு இல்லை அது. அத்தான் சொன்னதுபோல, பகலெல்லாம் விளக்கு அணையாமல் இருந்த சூடு.

எரிந்த நாட்களில் முள் இறங்குகிறது. ஆறிய நாட்களில் ஏறுகிறது. ஆள் யார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் எரிய விட்ட நேரம் கூடக் கூட அளவு குறைந்திருக்கிறது. அத்தானைப் பிடிக்க நான் வைத்த பொறிதான் ஒவ்வொரு நாளும் அத்தானுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது.

மேடத்துக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவின் சத்தம் பின்னால் கேட்டது.

"சூட்டோடயா அளந்தே?" என்றார், எண்களைக் கேட்டதுமே.

"ஆமா மேடம்."

"சூடா இருந்தா எந்த இன்ஸுலேஷனும் கம்மியாத்தான் காட்டும். பத்து டிகிரி ஏறினா பாதியாயிடும். அதுக்குத்தானே போர்டுல எழுதிட்டு வந்தேன், காலைல அணைங்கன்னு."

"கரண்டு மிச்சம் பண்ணன்னு நினைச்சேன் மேடம்."

"நான் காரணம் எழுதல. என் தப்பும்தான்." பிறகு கேட்டார்: "ஒண்ணும் கெட்டுப்போகலையே?"

ஜெனரேட்டரைக் கேட்கிறார். "கெட்டுப்போகல" என்றேன்.

விளக்குகளை அணைத்துவிட்டேன். செயலாளரிடம் சொன்னேன்: "நாளைக்குச் சாயங்காலம் ஆறினப்புறம் நீங்களே சுத்திப் பாருங்க சார். அதுவரைக்கும் புது ஆளுக்குச் சொல்லவேண்டாம்."

"ஏன், உனக்கு வேண்டப்பட்டவரா அந்த வாட்ச்மேன்?"

அவருக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் நான் அதைச் சொல்லவே இல்லை.

"எங்க அக்கா வீட்டுக்காரர் சார்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். சொந்தக்காரர் என்பதால் காட்டிக்கொடுத்தேனா, சொந்தக்காரர் என்பதால் காப்பாற்றுகிறேனா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

அக்டோபர் 16, புதன்

அத்தானை வரச் சொன்னேன். "எதுக்கு, மறுபடி சாவி குடுக்கவா? ஒருதரம் குடுத்தாச்சே" என்றார். அக்கா முறைத்தாள். வந்தார். பையையும் கொண்டுவந்தார்.

ஷெட்டில் இரும்பு ஆறியிருந்தது. செயலாளரையே கிளிப்பை மாட்டச் சொன்னேன். அவர் போய்ப் பெயிண்ட் மேல் மாட்டினார். "சார், அங்க இல்ல" என்றேன். ஸ்பேனர் அண்ணன் இருமினார்.

"கை எடுங்க, சுத்தப் போறேன்" என்று செயலாளர் சத்தமாகச் சொன்னார், யாரும் பக்கத்தில் இல்லாவிட்டாலும். சுற்றினார்.

2.8.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சூடு, ஆறியபின் முள் ஏறுவது, காகிதப் பட்டை, அளக்கும்வரை அணைக்க வேண்டாம் என்ற என் யோசனை. "முள்ளை இறக்கினது நான்தான் சார். அவர் இல்ல."

அவர் கேட்டுக்கொண்டார். கணக்குப் பார்த்த மனிதர். இன்னொரு வரி பாக்கியிருப்பதைத் தெரிந்துகொண்டார்.

"சரி. அப்போ பை?"

நான் அத்தானைப் பார்த்தேன். சொல்வது அவர் உரிமை. அவர் பையை மேஜையில் வைத்துத் தானே ஜிப்பைத் திறந்தார். மடித்த இடுப்புத் துணிகள். மேலே பச்சைக் கிளிப்புகள்.

செயலாளர் குனிந்து பார்த்தார். "ஜெனரேட்டருக்குள்ள மூத்திரத் துணியா?"

"துவைச்ச துணி சார்."

"துவைச்சா மட்டும்? ஈரம் ஈரந்தானே? விளக்குல விழுந்து பத்திக்கிட்டிருந்தா?"

"தப்புதான் சார். அதுக்கு வேலை போனா போகட்டும். ஆனா திருடன்னு போகவேண்டாம்."

ஸ்பேனர் அண்ணன்தான் ஆரம்பித்தார். "சார், கம்ப்ரஸர் ரூம் பின்னால சூடாத்தான் இருக்கு. அங்க ஒரு கயிறு கட்டினா ஜெனரேட்டருக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது. எனக்கும் ஒரு பனியன் காயும்."

செயலாளர் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "தார்ப்பாய்க்குள்ள ஒரு கைக்குட்டை பார்த்தாலும் அன்னிக்கே கணக்கு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தை மேஜையில் வைத்தார். அத்தான் உடனே எடுக்கவில்லை. ஒரு நிமிஷம் அது அங்கேயே கிடந்தது. எடுக்காமலே போய்விடுவார் என்று நினைத்தேன். வீட்டில் அக்கா என்ன சொல்வாள் என்று அவரும் நினைத்திருக்கவேண்டும். எடுத்தார்.

நான் கிளம்பும்போது கேட் வரை வந்தார். பையை என் முன்னால் நீட்டினார். ஜிப் திறந்தே இருந்தது.

"செக் பண்ணிக்கோ, இன்ஸ்பெக்டர்."

"வேண்டாம் அத்தான்."

"அப்புறம் ராத்திரி தூக்கம் வரலன்னு சொல்லக்கூடாது."

அவர் சிரித்தாரா என்று இருட்டில் தெரியவில்லை. நான் பையைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதையும் எழுதி வைக்கிறேன்.

நாளை: அக்காவிடம், வேலை போனதற்கு யார் காரணம் என்று காலையிலேயே சொல்லவேண்டும். மாலையில், ஜெனரேட்டர் கூட்டில் ஒரு வெப்பமானியைக் கட்டிவிட்டு, கரும்பலகையில் மேடத்தின் வரிக்குக் கீழே 'ஆறிய பின்' என்று சேர்க்கவேண்டும். கிளிப்பை மாட்டுமுன் பெயிண்டைச் சுரண்டவேண்டும்.